பைக் வாங்கப் போகிற தம்பிமாருக்கும், வாங்கிக் கொடுக்கப் போகிற உம்மாமாருக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பைக் வாங்குகிற கதை ஓடிக்கொண்டிருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இல்லையென்றால், அப்படிக் கதை ஓடுகிற வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மா வீட்டுக்கு வந்தார். மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். வாப்பா கட்டாரில். பரீட்சை முடிந்ததும் பைக் என்று வாப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது வாக்கை நிறைவேற்றுகிற நேரம். ஆனால் வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப் போகவில்லை.

"சேர், அவன் ஆர் 15தான் வேணும் எண்டு நிக்கிறான். அவண்ட வாப்பா புல்லட் மாதிரி பாரமான பைக் ஒண்டு எடுக்கச் சொல்றார். பாரமான பைக் வேகமா ஓடாதாம், லேசில விழாதாம். நீங்க ரெண்டு ஜாதியும் ஓடினவங்கதானே. எது நல்லம் எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. "ரெண்டு நாள் தாங்க தாத்தா" என்று அனுப்பிவிட்டேன். வாப்பா சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, மகன் கேட்பதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை நானும் பல வருடம் கேட்கவில்லை. அதற்கு என் வீட்டில் கொடுத்த விலையைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

யமஹா ஆர் 15 என்பது 155 சிசி. ஏறத்தாழ 140 கிலோ பாரம். ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 என்பது 349 சிசி. ஏறத்தாழ 195 கிலோ. எஞ்சின் இரண்டு மடங்குக்கு மேல் பெரிது என்பதால் வலுவும் இரண்டு மடங்கு என்று நினைப்போம். இல்லை. புதிய மொடல்களை எடுத்தால் சின்னதில் 18 குதிரைவலு, பெரியதில் 20 குதிரைவலு. கிட்டத்தட்டச் சமம்.

வித்தியாசம் அந்த வலு எங்கே வருகிறது என்பதில்தான். ஆர் 15இன் முழு வலுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 தடவை சுற்றும்போதுதான் வரும். 350இல் அது 6,100 சுற்றிலேயே வந்துவிடும். இழுவை, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற முறுக்கு, சின்னதில் 7,500 சுற்றில் 14 நியூட்டன் மீற்றர். பெரியதில் 4,000 சுற்றிலேயே 27.

இதை ஓட்டுகிறவனின் பாஷையில் சொன்னால், சின்ன பைக் ஓட்டுகிறவனை "இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முறுக்கினால்தான் அதில் ருசி. பாரமான பைக் 60இல் போகும்போதே "இது போதும்" என்று சொல்லிவிடும். வாப்பா சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான். பாரமான பைக் வேகமாக ஓடாது என்பது பொய். ஓடும். ஆனால் மெதுவாக ஓடினாலும் அதில் ஒரு சந்தோசம் இருக்கும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் டூரிங் பைக் என்று சொல்வதற்கும் நாங்கள் இங்கே பாரமான பைக் என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். ஹோண்டா கோல்ட் விங் என்று ஒன்று இருக்கிறது. 1,833 சிசி, ஆறு சிலிண்டர், 350 கிலோவுக்கும் மேல். தள்ளிப் பின்னால் எடுக்க முடியாது என்பதால் பின்னால் போகவே ஒரு ஏற்பாடு வைத்துச் செய்திருக்கிறார்கள். அதெல்லாம் அகலமான பெருந்தெருக்களில் நாள் முழுக்க ஒரே வேகத்தில் போவதற்குச் செய்தவை. எங்கள் நாட்டு அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கே அனுமதி இல்லை. ஆகவே எங்களுக்குப் பாரமான பைக் என்றால் புல்லட், ஹிமாலயன், கொஞ்சம் கீழே வந்தால் அவெஞ்சர். அவ்வளவுதான்.

இனி, நான் ஓடிய கதை. சொந்தக் கதை என்பதால் கொம்பனிப் பெயர் வேண்டாம். பிழை எதுவும் பைக்கில் இல்லை.

ஒரு பாடசாலை விடுமுறையில் நானும் மச்சானும் கண்டிக்குப் போனோம். மச்சானிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக். நான் ஒரு கூட்டாளியின் பாரமான 350ஐ இரவல் எடுத்தேன். ஸுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டு அம்பாறை, உஹன, மஹாஓயா, பதியத்தலாவ என்று போகிற பாதை. நேரான ரோட், இரண்டு பக்கமும் காடு, நல்ல காற்று. நான் கதிரையில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்து போனேன். பெரிய சக்கரம், கனமான உடம்பு. பக்கத்தால் பஸ் அடித்துக்கொண்டு போனாலும் பைக் அசையவில்லை. மச்சான் டாங்கியோடு குனிந்து, பாரம் முழுவதையும் மணிக்கட்டில் போட்டுக்கொண்டு வந்தான். மஹியங்கனையில் லுஹருக்கு இறங்கினபோது வுழூ எடுக்கக் கையை உயர்த்தவே முகத்தைச் சுழித்தான்.

"மச்சான், இனி நீ இத ஓட்டு, நான் அத எடுக்கன்" என்றான். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்று அரை மணித்தியாலத்தில் நினைத்தேன்.

மஹியங்கனையில் இருந்து கண்டிக்கு ஏறும்போது பதினெட்டு வளைவு இருக்கிறது. போனவர்களுக்குத் தெரியும். அங்கே மச்சானின் பைக் அணில் மாதிரி ஏறியது. எந்தப் பக்கம் பார்த்தானோ அந்தப் பக்கம் திரும்பியது. நான் ஒவ்வொரு வளைவிலும் பைக்கோடு பேசிப் பேசித்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஏழாவதோ எட்டாவதோ வளைவில், முன்னால் ஏறிக்கொண்டிருந்த பஸ் திடீரென்று நின்றது. நானும் நின்றேன். இடது காலை ஊன்றினேன். அந்த இடத்தில் மெல்லிய சல்லி. கால் வழுக்கியது.

195 கிலோ ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் ஒரு குறிப்பிட்ட அளவு வரைக்கும்தான் மனிசனால் பிடிக்க முடியும். அந்த அளவைத் தாண்டினால் கையை விட்டுவிட வேண்டியதுதான். விட்டேன். பைக் மெதுவாக, மரியாதையாக, ரோட்டில் படுத்தது. கிரேஷ் கார்ட் இருந்தபடியால் சேதம் பெரிதாக இல்லை. பஸ்ஸில் இருந்து இறங்கி வந்த இரண்டு பேர் கைகொடுத்துத்தான் தூக்கினோம். அன்றைக்கு விளங்கியது, பாரமான பைக் லேசில் விழாது என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது சரி, நிற்கும்போது சரியில்லை. எங்கள் ஊர்ச் சந்தைக்குள், பள்ளிவாசல் வாசலில், குச்சொழுங்கைக்குள் திருப்புகிற இடத்தில் நாங்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் கூட.

திரும்பி இறங்கும்போது இன்னொரு பாடம். இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வந்தேன். பாதி வழியில் கருகுகிற மணம் வந்தது. சின்ன கியரில் போட்டு எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தும் செய்யவில்லை. பாரம் கூடக் கூட அந்தப் பிழைக்குத் தண்டனையும் கூட.

பெற்றோலையும் சொல்ல வேண்டும். 2022இல் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அந்த 4 லீற்றரில் சின்ன பைக்காரன் கிழமை முழுக்கப் பாடசாலைக்கு வந்தான். பாரமான பைக் வைத்திருந்தவர்கள் அதை மூடி வைத்துவிட்டு சைக்கிளில் வந்ததும் எங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்தது பிரேக். இதில் வாத்தியாராகக் கொஞ்சம் பேச விடுங்கள்.

பாரம் கூடிய பைக் நிற்க நேரம் எடுக்கும், பாரம் குறைந்தது சட்டென்று நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். டயரும் ரோட்டும் நன்றாக இருந்து, பிரேக் அந்தப் பாரத்துக்கு ஏற்றதாக இருந்தால், கணக்கில் பாரம் பெரிதாக வராது. பாரம் கூடினால் உராய்வும் கூடும், ஒன்றுக்கொன்று சரி. கணக்கில் வருவது வேகம். அதுவும் வர்க்கமாக வரும். 40இல் போகிற பைக்கை விட 80இல் போகிற பைக்கிடம் இயக்கப்பாட்டுச் சக்தி இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு.

60இல் போகும்போது ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் போய்விடுகிறோம். மாட்டைக் கண்டு, மூளை சொல்லி, கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வைப்போம். அதற்குப் பிறகு காய்ந்த தார் ரோட்டில் நல்ல பிரேக் என்றால் நிற்க இன்னும் 23 மீற்றர் வரை வேண்டும். மொத்தம் 40 மீற்றர். இதையே 80இல் போட்டுப் பாருங்கள். 63 மீற்றர் வரும். 20 கிலோமீற்றர் வேகம் கூடியதற்கு 23 மீற்றர் கூடுதல் தூரம். அந்த 23 மீற்றருக்குள்தான் எங்கள் ஜனாஸாக்கள் நடக்கின்றன.

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இரவில் ஓடிப் பாருங்கள். கட்டாக்காலி மாடு ரோட்டில் படுத்திருக்கும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பின் லைட் இல்லாத ட்ரக்டர் பெட்டி முன்னால் போகும். கடலோரம் என்பதால் சில இடங்களில் தாரின் மேல் மணல். இந்த ரோட்டில் சின்ன பைக்குக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. கடைசி நேரத்தில் மாட்டை வெட்டித் திருப்ப இடம் கொடுக்கும், பிழையைக் கொஞ்சம் மன்னிக்கும். மகன் கேட்பதில் இருக்கிற நியாயம் இதுதான். ஆனால் அந்தப் பிழையைச் செய்ய ஆசை காட்டுவதும் அதே பைக்தான்.

இவ்வளவும் ஓட்டுகிறவனின் கதை. இனிப் பின்சீட்டின் கதை.

கண்டிக்குப் போய் வந்து இரண்டு கிழமை இருக்கும். என் பழைய 125 கராஜில். மச்சானின் ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கிக்கொண்டு, மாமி வீட்டில் இருந்து மனைவியை ஏற்றி வந்தேன். பின்சீட் ஒரு சாண் அகலம். உயரத்தில் இருந்தது. பிடிக்கக் கம்பி இல்லை. புதிதாக வாங்கினபோது சங்கிலிக்கு மேல் மூடியும், பக்கத்தில் சாரி கார்ட்டும் இருந்தனவாம். பைக்கின் அழகைக் கெடுக்குது என்று மச்சான் இரண்டையும் கழற்றி வைத்திருந்தான். எனக்கு அது தெரியும். கண்டிப் பயணம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். தனியாக ஓடுகிறவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவே இல்லை.

மனைவி அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். சந்தியில் திரும்புவதற்கு வேகத்தைக் குறைத்த நேரம், பின்னால் இருந்து ஒரு கிழிகிற சத்தம். அபாயாவின் நுனி சங்கிலிக்குள் போய்விட்டது. நான் பிரேக்கைப் பிடிக்க முன்னமே அது அவரை இழுத்துவிட்டது. 15, 20 வேகத்தில்தான் போனோம். துணி கிழிந்தது அல்லாஹ்வின் கிருபை. கிழியாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதியிருக்க மாட்டேன். முழங்கை எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை பிளாஸ்டர். எங்கள் சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது. உம்மா தூக்கவில்லை என்று அவள் அழுத அழுகையை அந்த ஆறு கிழமையும் நான்தான் கேட்டேன்.

ஒரு நாள் இரவு சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் கேட்டேன், "அந்தப் பைக்கில ஏறக்குள்ள பயமா இரிந்திச்சா?"

"அந்தப் பைக் மட்டுமா? எந்தப் பைக்கிலயும் பயம்தான். நீங்க பிரேக் புடிக்கிற நேரமெல்லாம் நான் ஒங்கட முதுகில வந்து விழுறன். புடிக்க ஒண்டும் இல்ல. கீழ பாத்தா ரோட் ஓடுது. ஒன்பது வருசமா இரிக்கன், இண்டைக்குத்தானே கேக்கிறீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒன்பது வருடத்தில் எத்தனை பைக் பற்றி எத்தனை பேரோடு பேசியிருப்பேன். சிசி, கிலோ, மைலேஜ், பிக்கப். கல்வியியற் கல்லூரி விடுதியில் தொடங்கிய பேச்சு அது. பின்சீட்டில் இருக்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவையும் பேசவில்லை. எங்கள் ஊரில் பைக் என்பது ஒருவருடைய வாகனம் இல்லையே. உம்மாவை கிளினிக்குக்கு, தங்கச்சியை டியூசனுக்கு, மனைவியை மாமி வீட்டுக்கு, பிள்ளையைக் குர்ஆன் மதரஸாவுக்கு. சட்டம் ஒருவரைத்தான் பின்னால் ஏற்றச் சொல்கிறது. டாங்கியில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று போகிற கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பின்சீட்டில் இருந்து பார்த்தால் இரண்டு ஜாதிப் பைக்கும் வேறு மாதிரித் தெரியும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்சீட் ஒரு பெயருக்கு வைத்தது. உயரம், ஒடுக்கம், முன்னுக்குச் சரிவு. பாரமான பைக்கில் பின்சீட் அகலம், பதிவு, பிடிக்கக் கம்பி இருக்கும், சிலவற்றில் முதுகுக்குச் சாய்மானமும் இருக்கும். இந்த விசயத்தில் பாரமான பைக்தான் மனிசருக்குச் செய்த பைக். ஆனால் அதிலும் சூடான சைலன்சர் காலுக்குக் கிட்ட இருந்தால் அபாயாவும் கருகும், காலும் சுடும். ஏற்றி இறக்கும்போது பைக்கைத் தாங்கிப் பிடிக்க ஓட்டுகிறவனுக்குக் காலில் பலமும் உயரமும் வேண்டும். அந்த வளைவில் நான் விழுந்தபோது பின்னால் மனைவி இருந்திருந்தால்? அதை நினைக்கவே விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த உம்மாவின் வீட்டுக்குப் போனேன். மகனும் இருந்தான். வாப்பா வட்ஸ்அப்பில். மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "இந்தப் பைக்கின் பின்சீட்டில் யார் இருக்கப் போறாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு உம்மா சொன்னார், "தங்கச்சி. பின்னேரம் டியூசனுக்கு இவன்தான் ஏத்திப் போகணும். மாசத்துக்கு ஒருக்கா நான் கிளினிக் போகணும்."

நான் சொன்னது இவ்வளவுதான். பதினெட்டு, பத்தொன்பது வயசில், முதல் பைக்காக, இந்த இரண்டும் வேண்டாம். நிமிர்ந்து இருந்து ஓடக்கூடிய, இரண்டு காலும் நிலத்தில் முழுசாக ஊன்றக்கூடிய, 125க்கும் 150க்கும் இடைப்பட்ட சாதாரண பைக் போதும். முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லம். சாரி கார்ட், சங்கிலி மூடி, பின்னால் பிடிக்கிற கம்பி, மூன்றையும் யாரும் கழற்றக் கூடாது. செகண்ட் ஹேண்ட் எடுத்தால், கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். லைசன் கையில் வந்த பிறகுதான் சாவி. இரண்டு ஹெல்மட். ஒன்று தங்கச்சியின் தலைக்கு அளவானது, மாமாவின் பழைய ஹெல்மட் அல்ல. அபாயா போட்டு ஏறுகிறவர்கள் கீழ்ப் பக்கத்தைச் சேர்த்து மடித்து, தொடைக்குக் கீழே அமர்த்திக்கொண்டு இருக்க வேண்டும். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்து, "சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளச்சை விட வேண்டும்.

வாப்பாவிடம், "ஊருக்கு வந்த பிறகு புல்லட் ஒண்டு எடுங்க காக்கா, உங்களுக்கு அது நல்லா இரிக்கும். உங்கட ஆசையை மகன்ட காலில ஊன்ற வைக்காதீங்க" என்றேன். அவர் சிரித்தார்.

மகன் கடைசியில் கேட்டான், "அப்ப சேர், ஆர் 15 கூடாத பைக்கா?"

"இல்ல மனே. நல்ல பைக். வளைவுக்கும் தனியா ஓடுறவனுக்கும் செய்தது. உழைச்சு, உன்ட காசில, உன்ட வீட்டில இன்னொரு வாகனமும் இருக்கக்குள்ள வாங்கு. நானே ஒரு ரவுண்ட் கேப்பன்."

அவன் முகம் மலரவில்லை. எனக்கு அது பிரச்சினையில்லை. அன்றைக்கே பின்னேரம் அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போய், என் பைக்கில் முன் பிரேக்கைப் பயப்படாமல் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கிறது எப்படி என்று காட்டினேன். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போகும், ஆகவே நிறுத்துகிற வேலையில் கூடுதல் பங்கு முன் பிரேக்குக்குத்தான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. இருபது தடவை பிடித்தான். கடைசியில் கொஞ்சம் சிரித்தான்.

இன்னும் பைக் எடுக்கவில்லை. நேற்று உம்மா சொன்னார், கடைக்குப் பைக் பார்க்கப் போகும்போது தங்கச்சியையும் கூட்டிப் போனானாம். ஒவ்வொரு பைக்கிலும் பின்னால் ஏற்றி இருக்க வைத்துப் பார்த்தானாம். அவளுக்குப் பிடித்த நிறம் வேறாம், அதனால் இப்போது அண்ணனும் தங்கச்சியும் சண்டையாம். அந்தச் சண்டை நடக்கட்டும்.

இதை வாசிக்கிற ஆண்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். கமெண்டில் எந்தப் பைக் திறம் என்று எழுத முன்னம், இன்றைக்கு இரவு வீட்டில் உங்கள் பின்சீட்டில் இருக்கிறவரிடம், "பயமா இரிக்கா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அவர் சொல்வதை வந்து எழுதுங்கள்.

அல்லாஹ் எங்கள் எல்லோரையும் வீதி விபத்துகளில் இருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.